கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்தில் சஃபாரி உண்டா?

கேள்வி: மே மாத விடுமுறையில் குடும்பத்துடன் கன்னியாகுமரி வருகிறோம். அங்கே ஒரு வனவிலங்கு சரணாலயம் இருப்பதாகப் படித்தேன். ஜீப் சஃபாரிக்கு எங்கே பதிவு செய்ய வேண்டும்? புலி, யானை பார்க்க வாய்ப்பு உண்டா? என்னென்ன மரங்கள், விலங்குகள், பறவைகள் இருக்கின்றன? காட்டுத் தேனும் மூலிகைச் செடிகளும் வாங்கி வரலாமா?

பதில்:

சஃபாரி கிடையாது. முதுமலையில் இருப்பதுபோல வனத்துறை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டும் ஏற்பாடு குமரிக் காட்டில் இல்லை. டிக்கெட் எடுத்து நுழைகிற பெரிய வாசலும் இல்லை. புலி இருக்கிறது, யானை இருக்கிறது. நீங்கள் பார்ப்பீர்களா என்றால், பெரும்பாலும் மாட்டீர்கள். இந்த மாவட்டத்தில் யானையை அருகில் பார்ப்பவர்கள் அதிகாலை இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டப் போகிற தொழிலாளர்கள்தான். அந்தச் சந்திப்பை யாரும் விரும்பித் தேடுவதில்லை.

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என்னென்ன இருக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குச் சுருக்கமாகப் பதில் சொன்னால் இந்தக் காட்டுக்கு அநியாயம் செய்ததாகிவிடும்.

முதலில் இடம். சரணாலயத்தின் பரப்பு சுமார் 402 சதுர கிலோமீட்டர். மாவட்டத்தின் மொத்தப் பரப்பே 1,700 சதுர கிலோமீட்டருக்குள்தான், ஆகவே குமரி மாவட்டத்தில் கிட்டத்தட்டக் கால் பங்கு சரணாலயம். கடலையும் விவேகானந்தர் பாறையையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அறிவிக்கப்பட்டது 2008இல். மேற்கே ஒட்டியிருக்கும் கேரளத்தின் நெய்யாறு சரணாலயம் 1958இலேயே வந்துவிட்டது. வடகிழக்கே முண்டந்துறை 1962இலும், களக்காடு 1976இலும் சரணாலயங்களாயின. இரண்டும் சேர்ந்து 1988இல் புலிகள் காப்பகமாயின. நடுவில் இருந்த இந்த மூலை மட்டும் வெறும் காப்புக்காடாகவே இருந்தது. காட்டு விலங்குக்கு இந்த எல்லைகள் எதுவும் தெரியாது என்பதால், மூன்றையும் ஒரே காடாகப் பார்ப்பதுதான் சரி. இவை அனைத்தும் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதிகள். 2016இல் அது யுனெஸ்கோவின் உலக வலைப்பின்னலிலும் சேர்க்கப்பட்டது.

இந்தக் காட்டைப் புரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. விலங்குகளை மறந்துவிட்டு மழையைப் பின்தொடருங்கள். ஆரல்வாய்மொழியிலிருந்து தொடங்கி மேற்கே பூதப்பாண்டி, கீரிப்பாறை, குலசேகரம், பேச்சிப்பாறை என்று மலையடிவாரத்தை ஒட்டியே ஒரு நாள் வண்டி ஓட்டுங்கள். ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவுக்குள் முள்காட்டிலிருந்து பசுமைமாறாக் காடு வரை வந்துவிடுவீர்கள். இவ்வளவு குறைந்த தூரத்தில் இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தமிழ்நாட்டில் வேறெங்கும் காண்பது அரிது.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றுதான் அரசன். முப்பந்தல் காற்றாலைகள் அங்கே நிற்பதற்கும் அந்தப் பக்கம் மழை குறைவதற்கும் காரணம் ஒன்றுதான். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய வேகத்தோடு கணவாய் வழியே கிழக்கே பாய்கிறது. அதனால் அங்கே குடைபோல விரிந்த உடைமரம், கள்ளி, கிளுவை, உசிலை, ஆவாரை. மரங்களுக்கு உயரம் கிடையாது, இலைகளுக்கு அகலம் கிடையாது. மயிலும் கௌதாரியும் முயலும் கீரியும் அங்கே சாதாரணம். இரவில் உடைமரக் கிளைகளில் தேவாங்கு மெல்ல நகரும். "இதுவா மேற்குத் தொடர்ச்சி மலை?" என்று வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். இதுவும்தான்.

மேற்கே வர வர வேங்கை, மருது, தான்றி, கடுக்காய், நெல்லி என்று இலையுதிர்காடு தொடங்கும். கோடையில் இலை கொட்டி மொட்டையாக நிற்கும் இந்தப் பகுதியைத்தான் பலர் "காய்ந்துபோன காடு" என்று படம் எடுத்துப் போட்டு வருத்தப்படுவார்கள். அது காயவில்லை, தண்ணீரைச் சேமிக்கிறது. மே மாதக் கோடை மழை இரண்டு முறை பெய்தால் போதும், தளிர் வந்துவிடும். நீங்கள் வரும் நேரம் அதைப் பார்க்க நல்ல நேரம்.

கீரிப்பாறை தாண்டிக் காளிகேசம் பக்கம் போனால் வெளிச்சமே மாறிவிடும். ஓடைக் கரைகளில் ஈற்றை அடர்ந்து நிற்கும். பலர் அதை மூங்கில் என்று நினைப்பார்கள். மூங்கிலின் உறவுதான், ஆனால் தண்டு மெலிது, இலை பெரிது, தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் வாழும். யானைக்கு அது விருப்பமான தீனி. கூடை முடைகிறவர்களுக்கும் அதுதான் மூலப்பொருள். அதற்கு மேலே பசுமைமாறாக் காட்டின் பெரிய மரங்கள்: நாங்கு, பாலி, கோங்கு, வெள்ளைக்குங்கிலியம், வெடிப்பலா. நாங்கு தளிர்விடும் காலத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் மரம் பூத்துவிட்டதோ என்று தோன்றும், அத்தனை சிவப்பு.

வெடிப்பலாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேட்டுக் காட்டின் குடும்பக் கணக்கே அந்த ஒரு மரத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது. முள் போர்த்திய அதன் காய் கிளையிலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கும், முற்றினால் பிளந்து விதையைக் கொட்டும். பூவில் அல்லி இதழே கிடையாது. தடித்த புல்லி வட்டம்தான் பூ. இரவில் பழந்தின்னி வௌவால்கள் அதன் தேனுக்கு வந்து மகரந்தத்தைக் கடத்துகின்றன. பகலில் சிங்கவால் குரங்கும் கருமந்தியும் மலையணிலும் அதே பூவைப் பிய்த்துத் தின்கின்றன. காட்டில் வேறு சதைப் பழங்கள் அதிகம் கிடைக்காத மாதங்களில் இந்தப் பூதான் அவற்றுக்குச் சோறு. இலையைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் வெள்ளியும் செம்பும் கலந்ததுபோல மினுமினுக்கும். வெடிப்பலா கூட்டமாக நிற்கும் காட்டை வெட்டினால் மரத்தோடு சேர்ந்து குரங்கும் போய்விடும்.

குரங்குகள் என்றதும் இந்தச் சரணாலயத்தின் தனிச்சிறப்பைச் சொல்லிவிடுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலை தப்தி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கி 1,600 கிலோமீட்டர் ஓடிவந்து முடிகிற இடம் இது. அதனால் பல உயிரினங்களின் வாழிடமும் இந்தப் பக்கத்திலேயே முடிகிறது. கருமந்தி, அதாவது நீலகிரி கருங்குரங்கு, வடக்கே குடகிலிருந்து தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வரைதான். கணவாயைத் தாண்டிய தனிக்குன்றுகளில் அது இல்லை. சிங்கவால் குரங்கின் தென்னெல்லை களக்காட்டு மலைகள். குமரியின் வடகோடி மேட்டுக்காடு அதை ஒட்டியது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடும் இந்த அசம்பு மலைகளுக்கு, அதாவது அகத்தியமலையை ஒட்டிய இந்தத் தென்கோடி மலைகளுக்கு, தெற்கே எங்கும் கிடையாது. எல்லையில் வாழும் கூட்டங்கள் எப்போதும் சிறியவை, பலவீனமானவை. நடுவில் ஒரு கூட்டம் அழிந்தால் பக்கத்திலிருந்து இன்னொன்று வந்து நிரப்பும். கடைக்கோடியில் அழிந்தால் எல்லைக்கோடு வடக்கே நகர்ந்துவிடும், அவ்வளவுதான். 2023இல் தமிழக அரசு வரையாட்டுக்கென்று தனித் திட்டம் தொடங்கியபோது நான் மகிழ்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வடக்கிலும் ஒரு வாசல் அடைபட்டிருக்கிறது. செங்கோட்டைக் கணவாய் மலைத்தொடரைக் குறுக்கே அறுக்கிறது. உயரமான குளிர்காட்டை விட்டு இறங்காத சிறு பறவைகளுக்கு அந்தத் தாழ்வான வெப்பப் பள்ளம் கடலைப்போல. அதனால் கணவாய்க்குத் தெற்கே தனித்துப்போன பறவைகள் காலப்போக்கில் வேறு இனங்களாகிவிட்டன. அசம்பு மலையின் பெயரைத் தாங்கிய இரண்டு பறவைகள் இப்போது உலகப் பட்டியலில் உண்டு. ஒன்று சிரிப்பான் வகை. மற்றொன்று சோலைக்காட்டின் தரையோரப் புதரில் வாழும் நீலநிறச் சிறு பறவை. இரண்டாவதைத் தனி இனம் என்று ஆய்வாளர்கள் அறிவித்தது 2017இல்தான். உலகில் வேறெங்கும் இல்லாத பறவை, நாகர்கோவில் பஸ் நிலையத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மலைத்தொடரில் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறினால்தான் காண முடியும் என்பதால் மே மாதச் சுற்றுலாவில் கிடைக்காது. பறவை ஆர்வலர்கள் இதற்காகவே இந்தத் தென்கோடி மலைகளுக்கு வருகிறார்கள்.

யானைகளுக்கும் அதே செங்கோட்டைக் கணவாய்தான் சிக்கல். ரயில் பாதை, நெடுஞ்சாலை, தோட்டங்கள் எல்லாம் சேர்ந்து பெரியாறு பக்கத்து யானைகளையும் அகத்தியமலை யானைகளையும் பிரித்துவிட்டன. தெற்கே இருக்கும் கூட்டத்துக்கு நெய்யாறு, கோதையாறு, களக்காடு, முண்டந்துறை இவ்வளவுதான் உலகம். 2022 ஆகஸ்டில் சுமார் 1,197 சதுர கிலோமீட்டரில் அகத்தியமலை யானைகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது இந்தக் கூட்டத்துக்காகத்தான். குமரிக் காடும் அதில் அடங்கும். அடுத்த ஆண்டே வடக்கிலிருந்து ஒரு விருந்தாளி லாரியில் வந்து சேர்ந்தது. மூணாறு பக்கத்துச் சின்னக்கானலில் அரிசிக் கடைகளை உடைத்துப் பெயர்பெற்ற அரிக்கொம்பனை, கம்பம் நகருக்குள் புகுந்த பிறகு 2023 ஜூனில் பிடித்து மேல்கோதையாற்றில் விட்டார்கள். அப்போது இந்த மாவட்டத்தில் தினமும் அதைப் பற்றித்தான் பேச்சு. புதிய காட்டில் அது பெரும்பாலும் புல்லும் ஈற்றையும் தின்று அமைதியானது. அரிசிக் கடை இல்லாத இடத்தில் யானை யானையாகவே இருந்துகொள்ளும் என்பது என் கருத்து.

மேல்கோதையாற்றையும் முத்துக்குழிவயலையும் பார்க்க முடியுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் சோலையும் புல்வெளியும் மாறி மாறி வரும் இடம் அது. தாவரவியலாளர்களுக்குக் காசி மாதிரி. அங்கே பாறைச் சரிவுகளில் வரைக்கமுகு என்றொரு பனையினம் நிற்கும். மெலிந்த தண்டு, உச்சியில் சிறு கொண்டை. தென்மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. யானை அதன் குருத்தை விரும்பித் தின்னும். அதனால் யானை ஏற முடியாத செங்குத்துப் பாறைகளில்தான் பெரும்பாலும் மிஞ்சியிருக்கிறது. ஆனால் குமரிப் பக்கத்திலிருந்து பொதுமக்கள் அங்கே போக வண்டிச்சாலை கிடையாது. கீழ்கோதையாற்றிலிருந்து மேலே போவது மின்வாரியத்தின் விஞ்ச், அதாவது கம்பியால் இழுக்கும் தண்டவாளப் பெட்டி, மட்டும். அது ஊழியர்களுக்கானது. சாலை வழி திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாறு, மாஞ்சோலை, குதிரைவெட்டி என்று சுற்றிவரும். அது புலிகள் காப்பகத்தின் அனுமதிக்கு உட்பட்டது. குழந்தைகளோடு வருகிறவர்கள் இந்த ஆசையை இப்போதைக்கு ஒத்திவைப்பது நல்லது.

புலியைப் பற்றி. குமரியின் பழைய ஆட்கள் கடுவா என்பார்கள். 2023இல் சிற்றாறு, பேச்சிப்பாறை பக்கத்து ரப்பர் குடியிருப்புகளில் ஒரு புலி ஆடு மாடுகளை அடித்து, வாரக்கணக்கில் மக்கள் இருட்டிய பிறகு வெளியே வரவே அஞ்சினார்கள். கடைசியில் பிடித்துக்கொண்டு போனார்கள். நல்ல உடல்நிலையில் இருக்கும் புலி மிளாவையும் காட்டுப்பன்றியையும் விட்டுவிட்டுக் கட்டிப்போட்ட ஆட்டைத் தேடி வருவதில்லை. பல் தேய்ந்ததோ காயம் பட்டதோதான் வரும். மிளா என்பது உங்கள் ஊரில் கடமான். காட்டுமாடு, கேளையாடு, சருகுமான், கரடி, செந்நாய், சிறுத்தை, முள்ளம்பன்றி, எறும்புத்தின்னி எல்லாம் இங்கே உண்டு. தோட்டக்காரர்களிடம் கேட்டால் காட்டுப்பன்றியைத் தவிர வேறெதையும் பேச மாட்டார்கள். மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, நட்டவனுக்குப் புலியைவிடப் பன்றிதான் பெரிய எதிரி.

இங்கே ரப்பரைச் சொல்லாமல் காட்டைச் சொல்ல முடியாது. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்க வனத்துறை நிலத்திலேயே ரப்பர் நட்டார்கள். 1984இல் அது அரசு ரப்பர் கழகமானது. கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு என்று எங்கே பார்த்தாலும் ரப்பர், அதற்குப் பின்னால் காடு, அதற்குள் மீண்டும் ரப்பர். வரிசை வரிசையான மரங்களைப் பார்த்து "எவ்வளவு பசுமை!" என்று வியந்து, அதையே சரணாலயம் என்று நினைத்துத் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பசுமையில் இருவாட்சிப் பறவை கூடுகட்ட ஒரு பொந்துகூட இராது. இன்னொரு சிக்கல், ரப்பருக்கு இடையே மண்ணை மூடுவதற்காக நட்ட கொடிப்பயறு. அது வேலி பார்த்து நிற்பதில்லை. காட்டோரத்தில் ஏறி இளங்கன்றுகளை மூடிவிடும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது ரப்பர் தோட்டங்களோடு காட்டு மரங்களும் வேரோடு சாய்ந்தன. வெயில் விழுந்த அந்த இடைவெளிகள் களைக்கொடிகளுக்கு நல்ல வாய்ப்பாகிவிட்டன. ஆனாலும் இந்த ரப்பரை அடியோடு எடுத்துவிடு என்று நான் சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அதில் எரிகிறது. மரமலை, கரும்பாறை பக்கத்துக் கிராம்புத் தோட்டங்களும் அப்படியே. கன்னியாகுமரி கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

காட்டுக்குள்ளேயே வாழ்பவர்கள் காணிக்காரர்கள். பேச்சிப்பாறை அணையைச் சுற்றி மோதிரமலை, தச்சமலை, தோட்டமலை எனப் பல குடியிருப்புகள். சிலவற்றுக்கு அணைநீரைப் படகில் கடந்துதான் போக வேண்டும். ஊர்த்தலைவர் மூட்டுக்காணி. நோய்க்கு மந்திரமும் மருந்தும் பார்ப்பவர் பிலாத்தி. இரும்பில் செய்த கொக்கரையை உரசிக்கொண்டு இரவு முழுவதும் பாடும் சாற்றுப்பாட்டு அவர்களுடையது. மூலிகை பற்றிக் கேட்டீர்களே, அதற்கான நல்ல பதிலும் அவர்களிடம்தான் இருக்கிறது. 1987இல் அகத்தியமலைப் பகுதியில் கேரள ஆய்வாளர்களுக்கு வழிகாட்டப் போன காணிகள் ஒரு சிறுசெடியின் காயை மென்றுகொண்டே களைப்பில்லாமல் ஏறினார்கள். அந்தச் செடி ஆரோக்கியப்பச்சை. ஓடையோர நிழலில் இதய வடிவ இலையோடு தரையை ஒட்டி வளரும். அதிலிருந்து திருவனந்தபுரம் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, உரிமத்தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் என்று ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தது. அதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. மரபறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி நிகழ்வு என்று உலகம் முழுவதும் இதைப் பேசினார்கள். பேச்சின் அளவுக்குப் பணம் போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை. செய்தி பரவிய பிறகு செடியை வேரோடு பிடுங்கி விற்க வெளியாட்கள் காட்டுக்குள் நுழைந்ததுதான் மிச்சம்.

ஆகவே மூலிகைச் செடி வாங்கி வரலாமா என்றால், சரணாலயத்திலிருந்து ஓர் இலையைப் பறிப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சாலையோரத்தில் "மலை மூலிகை" என்று வேரும் கிழங்கும் விற்பவர்களிடம் வாங்காதீர்கள். செடி வேண்டுமென்றால் நாற்றங்காலில் வளர்த்ததை வாங்குங்கள். புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குள் வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா இருக்கிறது; திருவிதாங்கூர்ப் படைத்தலைவர் டிலனாயின் கல்லறையும் அங்கேதான். மரங்களைப் பெயரோடு குழந்தைகளுக்குக் காட்ட அது வசதியான இடம்.

உங்களுக்கான பயணத்தை நான் போடுவதென்றால் இப்படி இருக்கும். ஒரு நாள் அதிகாலையில் காளிகேசம். வனத்துறைச் சோதனைச் சாவடியில் கட்டணம் கட்டிவிட்டு ஓடைக் கரையில் நடக்கலாம். மலையணில் கண்ணில் படும். கீச்சிட்டுக்கொண்டே கிளைக்குக் கிளை தாவும். ஓடையோர ஈர மணலில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். தமிழகத்தின் மாநில வண்ணத்துப்பூச்சியான தமிழ் மறவனை அங்கே தேடுங்கள். ஆரஞ்சு நிறம், ஓரங்களில் கருங்கோடு. கடிந்து பேசுகிற கிழவரின் குரலில் மரத்துக்கு மேலிருந்து ஏதாவது கேட்டால் அது மலபார் சாம்பல் இருவாட்சியாக இருக்கலாம். பெரிய இருவாட்சி பறந்தால் சிறகுச் சத்தமே முன்னால் வந்துவிடும். கூடுகட்டும் காலத்தில் பெண்பறவை பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, சிறு கீறல் வழியே ஆண் ஊட்டும் அத்திப் பழத்தை நம்பி மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். மே மாதத்தில் குஞ்சோடு வெளியே வந்திருக்கும்.

இன்னொரு நாள் பேச்சிப்பாறை. 1897இல் தொடங்கி 1906இல் முடிந்த அணை. கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அருகிலேயே இருக்கிறது. நீர்ப்பரப்புக்குப் பின்னால் அடுக்கடுக்காகத் தெரிவதுதான் சரணாலயத்தின் உட்பகுதி. நாஞ்சில் நாட்டு வயல்களுக்கும் மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கும் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. திற்பரப்பு அருவிக்கு எல்லோரும் போவார்கள், நீங்களும் போவீர்கள். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. உலக்கை அருவிக்கு நடக்க விரும்பினால் வனத்துறையிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 2024இல் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் இணையதளத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது, வழிகாட்டி யார் என்பதையும் பார்க்கலாம். கோடையில் தீ பயத்தாலும், ஜூனுக்குப் பிறகு வெள்ளத்தாலும் பாதைகளை மூடுவார்கள். மூடியிருந்தால் யாரையாவது பிடித்து உள்ளே போகலாம் என்று நினைக்க வேண்டாம். மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே ஓடையில் தண்ணீர் சட்டென்று ஏறும். காளிகேசத்தில் குளிக்கத் தடை போடுவது அதனால்தான்.

அட்டைகள் மே கடைசியில் தொடங்கிவிடும். உப்பும் நீளமான காலுறையும் போதும். பாம்புக்குத்தான் கவனம் வேண்டும். ராஜநாகம் பெயருக்குத் தகுந்த பயத்தைக் கொடுத்தாலும் மனிதரைக் கண்டால் விலகிப் போகும். சருகு நிறத்தில் சருகுக்குள்ளேயே கிடக்கும் கூர்மூக்குக் குழிவிரியன் விலகாது. இந்தியாவில் கிடைக்கும் நச்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. இந்தக் குழிவிரியனின் நஞ்சுக்கு அது பயன்படாது. ஆகவே சருகில் கைவைத்து உட்காராதீர்கள், செருப்பு போதும் என்று நினைக்காதீர்கள். கடித்துவிட்டால் கட்டு, கீறல், பச்சிலை என்று நேரத்தை வீணாக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாகத் தேன். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் சாலையோரத்தில் "சுத்தமான காட்டுத் தேன்" என்று புட்டியைக் காட்டினால் சிரித்துவிட்டு வாங்குங்கள். இந்த மாவட்டத்துத் தேனில் பெரும்பகுதி ரப்பர் தேன். ரப்பர் மரம் ஆண்டுத் தொடக்கத்தில் இலை உதிர்த்துப் புதுத்தளிர் விடும்போது, இலைக்காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகளிலிருந்து தேன் வடியும். பூவே வேண்டாம். பெட்டித் தேனீக்களை அந்த மாதங்களில் தோட்டத்துக்குக் கொண்டுபோய் வைத்து எடுப்பார்கள். மே மாதத்தில் புதுத்தேன் கிடைக்கும். நல்ல தேன்தான், குளிரில் சீக்கிரம் உறையும், அதைச் சர்க்கரைக் கலப்படம் என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். மலைத்தேன் வேண்டுமென்றால் காணிக் குடியிருப்புகளின் கூட்டுறவுச் சங்கம் வழியாக வருவதைத் தேடிப் பாருங்கள். விலை கூடுதல், அளவு குறைவு.